நடுக்கோட்டுக்குத் தெற்கே

எண் 1. அளவுக்கோடு
3 மே 2023, புதன்கிழமை, காலை மணி 6.10

நேற்று, மே இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, நில எடுப்பு அலுவலகத்திலிருந்து மூவர் வந்து, வரவிருக்கும் நான்குவழிச் சாலைக்காக எங்கள் வளாகத்தின் வடபகுதியை அளந்தார்கள். பிற்காலத்தில் தேதிகளைப் பற்றி எவருக்கும் ஐயம் எழக்கூடாது என்பதற்காக இன்று முதல் குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். நான் பத்திரப்பதிவுத் துறையில் பணியாற்றி, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன். எல்லை எழுதப்படாத சொத்தையும் தேதி எழுதப்படாத செய்தியையும் நான் நம்புவதில்லை.

வளாகத்தின் வடமேற்கு மூலையில் என் மனைவி ஞானப்பூ அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். சொந்த வளாகத்தில் அடக்கம் செய்வது எங்கள் பகுதியில் பழைய வழக்கம். அவள் இறந்தது 17 பிப்ரவரி 2008, ஞாயிற்றுக்கிழமை. மார்ச் 29, சனிக்கிழமை அவள்மீது கான்கிரீட் சிலாப் வார்க்கப்பட்டது. எட்டு அங்குலக் கனம். இரட்டை வலையாகக் கம்பி. நான்கு அங்குலம் போதும் என்றார் மேஸ்திரி. நான் ஒப்பவில்லை. வடபாதி அவளுக்கு, தென்பாதி எனக்கு என்று இருவருக்கும் சேர்த்து ஒரே சிலாப்பாக வார்க்கச் செய்தேன். மேற்பரப்பில் ஒரு நடுக்கோடு மட்டும் கிழிக்கப்பட்டது. என் காலம் வரும்போது என் பாதியை எப்படித் திறப்பது என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அறுத்தெடுக்கலாம் என்று பதில் சொன்னேன். கம்பிகள் இரு பாதிகளுக்கும் ஊடாக ஓடுகின்றன என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று இடப்பட்ட சிவப்பு வண்ணக்கோடு சிலாப்பின் மேலேயே செல்கிறது. நடுக்கோட்டுக்கு மூன்று விரற்கடை வடக்கே. அதாவது அவள் சாலைக்குள், நான் வெளியே.

வண்ணம் இட்டவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சாருக்க சைடு தப்பிச்சு" என்றார். நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கக்கூடும்.

ஜூன் 10, சனிக்கிழமைக்குள் வடபகுதியைக் காலி செய்து தர வேண்டும். அதன் பின் இயந்திரம் வரும். எனவே சிலாப்பை உடைத்து அகற்றி, அவளை வேறிடத்தில் சேர்க்க வேண்டும். எங்கு சேர்த்தாலும் அவள் பக்கத்தில் எனக்கும் ஓரிடம் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் ஏற்பதற்கில்லை.

எண் 2. அலுவலகம்
5 மே, வெள்ளிக்கிழமை

அறிவிப்பில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். அதில் "ஏப்ரல் 31" என்று தேதியிடப்பட்டுள்ளது. அப்படியொரு நாளே இல்லாததால் அறிவிப்பு செல்லாது என்ற வாதத்துடன் முற்பகலில் நேரில் சென்றேன்.

தனி வட்டாட்சியர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மதுரைப் பக்கத்தவர் போலும். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து 31 என்பதை 30 என்று திருத்திச் சுருக்கொப்பம் இட்டார்.

"தேதிய திருத்திட்டேங்க ஐயா. கோட்டத் திருத்த முடியாது."

அவளை எங்கு மாற்றலாம் என்று கேட்டேன். ஏற்கெனவே அடக்கமானவரின் எச்சத்தை மீதமுள்ள சொந்த நிலத்துக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும், அதற்கு ஆணை தருவதாகவும், ஆனால் கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். வரைபடத்தை விரித்துப் பார்த்தார். வீடு, கிணறு, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் போக அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதன்மீது விரலை வைத்தார்.

"இங்க காலியா இருக்கே ஐயா."

"அது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட இடம்."

"யாருக்கு?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரும் மறுமுறை கேட்கவில்லை. "எச்சம்னா மாத்தலாம். ஆனா ரோடு வந்த பிறகு அந்த வளாகத்துல புதுசா ஒரு உடல அடக்கம் பண்ண அனுமதி கிடைக்காது. யாரா இருந்தாலும்" என்றார்.

"யாராக இருந்தாலும் என்றால்?"

"யாராக இருந்தாலும்தான், ஐயா."

திரும்பும் பேருந்தில் கண்ணாடியை மறுபடி துடைக்க நேர்ந்தது. வழியெங்கும் புழுதி.

எண் 3. சபை
7 மே, ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் எட்வினைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிறுத்தி, ஞானப்பூவுக்கும் எனக்கும் அடுத்தடுத்து இரண்டு இடங்கள் வேண்டும் என்று கேட்டேன். அவர் பள்ளி ஆசிரியர், ஐம்பது வயது, யாரையும் நோகடிக்க மாட்டார். அதுவே அவரிடம் பேசுவதைக் கடினமாக்குகிறது.

"சாருக்கு எடம் உண்டு. அதுல ஒரு தர்க்கமும் இல்ல. ஆனா அம்மைக்கு..." என்று இழுத்தார். "வெளிய அடக்கம் செஞ்சு எலும்பா வந்தா நேரே எலும்புக்குழிக்குத்தான். அதாக்கும் சட்டம்."

எலும்புக்குழி என்பது தோட்டத்தின் கீழ்மூலையில் உள்ள கிணறு போன்ற பள்ளம். தோட்டம் சிறியது, சபை பெரியது. ஆகவே ஒரு கல்லறையை ஏழாண்டுகள் கழித்துத் திறந்து, எலும்புகளைச் சேகரித்து அந்தப் பொதுக்குழியில் இட்டுவிட்டு, அடுத்தவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பார்கள்.

"அப்படியானால் அவள் பெயரை எங்கே எழுதுவீர்கள்?"

"குழில பேரு எழுதுகது இல்லியே சார்."

இந்தச் சட்டத்தை இயற்றியது யார் என்று கேட்டேன். எட்வின் தம் செருப்பைப் பார்த்தார். "சார் கமிட்டில இருந்தப்ப போட்டதுதான். வாசிச்சதே சாருன்னு எங்க அப்பா சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். 1996 நவம்பர் 17, ஞாயிறு. உண்மைதான். தீர்மானத்தின் வாசகம் பிழையற்றது.

எண் 4.
9 மே, செவ்வாய்க்கிழமை

தங்கபாய் வந்தாள். ஞானப்பூவின் தங்கை, அடுத்த வளாகம், எழுபத்திரண்டு வயது. காலையில் எனக்குக் கஞ்சி கொண்டுவருபவள் அவளே. அதற்காக நான் என்றும் நன்றி மறந்தவனல்லன் என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு, அவள் பேசியதை எழுதுகிறேன்.

"அத்தான், ஒங்க பாதி சும்மாத்தானே கெடக்கு. அக்காள அங்கோட்டு மாத்தி வச்சா போராதா? என்னத்துக்கு இப்பிடி ஊரெல்லாம் ஓடுதிய?"

தென்பாதி மண் களிமண், மழைநீர் அங்கே தேங்கும், ஆகவே அவளுக்கு உகந்ததல்ல என்று விளக்கினேன்.

"ஓ. ஒங்களுக்கு மட்டும் உகந்த மண்ணு."

நான் கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினேன்.

"செத்த பிறவு எங்க கெடந்தா என்ன அத்தான். எனக்க மாப்பிள கொல்லத்துல வேலைக்குப் போனவரு, அங்கதான் பொதச்சாவ. நான் என்ன கொல்லத்துக்கா ஓடுதேன்?"

"நீ வேறு."

"நான் வேற ஒண்ணும் இல்ல. கஞ்சி ஆறுது."

மண்ணைப் பற்றி நான் சொன்னது சரியா என்று பின்னர் கம்பியால் குத்திப் பார்த்தேன். இரு பாதியின் ஓரத்திலும் ஒரே செம்மண்தான். எனினும் மழைநீர் குறித்த கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

10 மே, புதன்கிழமை

குறிப்பிட ஒன்றுமில்லை. கிணற்று மோட்டார் பழுது.

எண் 5. மகள்
14 மே, ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டில் செவிலியாகப் பணிபுரியும் மகள் ஹெப்சி கைப்பேசியில் முகம் காட்டிப் பேசினாள். சிலாப்பைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அதுல என்னப்பா ஒரு நாற்காலி கெடக்கு?"

காலையில் செய்தித்தாள் படிக்க அங்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றேன்.

"சத்தமா படிப்பிய போல. சித்தி சொன்னா."

தங்கபாய்க்கு மிகைப்படுத்தும் வழக்கம் உண்டு. முக்கியச் செய்திகளை மட்டுமே வாய்விட்டுப் படிப்பேன். கண்பார்வையைச் சோதித்துக்கொள்ள அது உதவும்.

எலும்புகளை நாகர்கோவிலில் எரியூட்டிச் சாம்பலை ஒரு கலத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஹெப்சி கேட்டாள். அவள் அம்மா அடுப்படியில் இருந்த காலத்திலேயே புகை ஒத்துக்கொள்ளாதவள் என்று சொன்னேன். ஹெப்சி சிரிப்பாள் என்று எண்ணினேன். அவள் சற்று நேரம் திரையை விட்டு விலகிப்போய், திரும்பி வந்து, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். தொடர்பு சரியில்லாததால் பேச்சு அத்துடன் முடிந்தது.

எண் 6. நிலம்
18 மே, வியாழக்கிழமை

இருவருக்குப் போதுமான நிலம் தேடி இந்த வாரம் மூன்று பேரிடம் சென்றேன். முதலாமவர் வீட்டில் இல்லை என்று அவரே உள்ளிருந்து சொல்லியனுப்பினார். இரண்டாமவர் ரப்பர்த் தோட்டக்காரர். என்னிடம் பல பத்திரங்கள் பதிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"சார் கேட்டு நான் இல்லன்னு சொல்லப்பிடாது. ஆனா நாளைக்கு பிள்ளைய பங்கு வச்சா, சவம் கெடக்குத பூமிய எவன் சார் எடுப்பான்?"

மூன்றாமவர் ஏரிக்கரையில் ஒரு துண்டு தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அது அவருடையதல்ல, புறம்போக்கு. இதை அவருக்கு எடுத்துச் சொன்னபோது, "சாருக்கு எல்லாம் தெரிஞ்சா பெரிய தொல்லதான்" என்றார்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது படி உயரமாக இருந்தது. ஓட்டுநர் கைகொடுத்தார்.

எண் 7. சிலாப்
22 மே, திங்கட்கிழமை

கான்கிரீட் உடைக்கும் வேலை செய்யும் டென்னிசன் வந்தார். சுத்தியலால் ஓரத்தில் தட்டினார், நடுவில் தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"என்ன சாரே இது, பாலத்துக்குப் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கிய. ஆளு எந்திச்சு வந்துருவாவன்னு பயந்தா?"

தங்கபாய் சுவருக்கு அப்பாலிருந்து சிரித்தாள். இதை நான் இரசிக்கவில்லை. டென்னிசன் புரிந்துகொண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

அவர் சொன்ன விவரம் இது. வடபாதியைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறது. கீழே மண் தாழ்ந்து, சிலாப்புக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் இருக்கிறது. உடைக்கும் இயந்திரத்தை வைத்து அதிரவிட்டால், பெயரும் துண்டுகள் நேராக அவள்மீது விழும். ஆகவே உடைக்கக்கூடாது, வைரப்பல் வைத்த அறுவை இயந்திரத்தால் கட்டங்கட்டமாக அறுத்துச் சங்கிலியால் தூக்க வேண்டும். இயந்திரம் மார்த்தாண்டத்தில் ஒரு வேலையில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் கழித்தே வரும்.

"நேரம் போதுமா?"

"மழை வராம இருந்தா போதும். ஆனா எங்க கொண்டு வைக்கதுன்னு சொல்லுங்க. அது தெரியாம தொறக்க மாட்டேன். தொறந்து போட்டுட்டு ஒரு ராத்திரி வைக்கப்பிடாது."

இடம் பரிசீலனையில் உள்ளது என்று கூறினேன்.

அவளை நனையாமல் காக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு கனமாக வார்த்தேன். அந்த எட்டு அங்குலமும் இன்று அவள் தலைக்கு மேல் தொங்குகிறது. உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். என் எடையும் சேரக்கூடாது.

எண் 8.
27 மே, சனிக்கிழமை

இன்று சிறிதளவு வேலையைத் தொடங்கி வைத்தேன். கொட்டகையிலிருந்து சம்மட்டியை எடுத்து, வடபாதியின் வெளியோரத்தில், அவளுக்கு மேலில்லாத பகுதியில், சில அடிகள் அடித்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. அதன் பிறகு சற்று நேரம் தரையில் உட்கார நேர்ந்தது.

தங்கபாய் அதைப் பெரிதுபடுத்தி, கிடந்தேன் என்றும், கூப்பிட்டும் பதில் இல்லை என்றும் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள்.

"எம்பத்தொண்ணு வயசுல சம்மட்டி. அக்கா உள்ள கெடந்து சிரிச்சிருப்பா."

"அவள் அப்படிச் சிரிப்பவளல்ல."

"எனக்க அக்காள எனக்குத் தெரியும். நீங்க ஆபீசுக்குப் போன பிறவு ஒங்கள மாதிரி பேசிக் காட்டுவா. 'ஞானப்பூ, இன்று தேதி என்ன?' நாங்க வயிறு நோவச் சிரிப்போம்."

இது எனக்குப் புதிய தகவல்.

29 மே, திங்கட்கிழமை

இடக்கையால் எழுதுவதால் எழுத்து சீராக இல்லை. சனிக்கிழமை இரவு தோள் வீங்கியதால் கொண்டுபோன மருத்துவமனையிலிருந்து இன்று வீடு திரும்பினேன். தோள் எலும்பு விலகியிருந்ததாம். இருதயம் பற்றியும் ஏதோ சொன்னார்கள்; அது தங்கபாயிடம் சொல்லப்பட்டதால் முழு விவரம் எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபின் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

1 ஜூன், வியாழக்கிழமை

அளவுக்கோட்டை வடக்கே நகர்த்தக் கோரி சென்ற மாதம் நான் அனுப்பியிருந்த மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. இம்முறை தேதியில் பிழை இல்லை.

எண் 9. கமிட்டி
4 ஜூன், ஞாயிற்றுக்கிழமை

கமிட்டிக் கூட்டத்தில் பேச எட்வின் எனக்கு நேரம் வாங்கித் தந்தார். கோரிக்கையை எளிமைப்படுத்தியிருந்தேன். இரண்டு இடம் வேண்டாம். சபையில் எனக்கு உரிய இடத்தில் அவளை அவள் பெயருடன் வையுங்கள். நான் இறந்ததும் அதே கல்லறையைத் திறந்து என்னையும் அதிலேயே வையுங்கள். ஒரே இடம், இருவர்.

புதிதாக வந்திருக்கும் போதகர் இளையவர். வருத்தத்துடன் விளக்கினார். இதற்கு இசைந்தால், சொந்த வளாகத்தில் அடக்கம் செய்து இப்போது சாலையில் நிலம் போகும் அத்தனை குடும்பங்களும் கேட்பார்கள். பதினோரு குடும்பங்கள் உள்ளன. தோட்டத்தில் இடம் அவ்வளவு இல்லை.

இந்நிலையில், நாற்காலியிலிருந்து எழ முயன்றபோது முழங்கால் மடங்கியதால் நான் தரையில் இருக்க நேர்ந்தது. சிலர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள் போலும். எட்வின் ஓடிவந்து, "சார், எந்திங்க சார், இப்பிடிச் செய்யாதுங்க, நாங்கல்லாம் ஒங்க முன்ன வளந்த பிள்ளைய" என்று தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. முழங்கால் வலிதான் காரணம் என்பதை அப்போதே தெளிவுபடுத்தியிருக்க வேண்டும்.

முடிவு: இயலாது.

5 ஜூன், திங்கட்கிழமை

காலையில் சிலாப்பின் பக்கத்தில், மண்ணில், நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செய்தித்தாள் மடித்தபடியே இருந்தது. அவளிடம் கணக்கைச் சொன்னேன். பொதுக்குழி என்றால், நான் பின்னால் அங்கு வந்து சேரலாம்; ஆனால் அவளுக்குப் பெயர் இராது. தென்பாதி என்றால், அவளுக்குப் பெயர் இருக்கும். நான் வர முடியாது. வேறு வழி இல்லை. ஒரு மாதமாக இந்த இரண்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மண், மழைநீர் என்றெல்லாம் எழுதியதைப் பின்னால் படிப்பவர்கள் பொருட்படுத்த வேண்டாம்.

எண் 10. ஆணை
6 ஜூன், செவ்வாய்க்கிழமை

வட்டாட்சியர் ஆணையைத் தட்டச்சு செய்ய ஆயத்தமாக இருந்தார். என் கைக்கட்டைப் பார்த்தார், கேட்கவில்லை.

"எங்க மாத்துறீங்கன்னு எழுதணும் ஐயா. எல்லையோட."

எல்லை சொல்வது எனக்குப் பழக்கமான வேலை. எத்தனையோ ஆயிரம் பத்திரங்களுக்கு நான்கு எல்லை வாசித்துச் சரிபார்த்திருக்கிறேன். கிழக்கே கிணற்றுக்குப் போகும் நடைவழி. மேற்கே தங்கபாயின் மதில். தெற்கே தென்னை. இம்மூன்றையும் தடையின்றிச் சொன்னேன்.

"வடக்கே?"

வடக்கே ஞானப்பூ என்றுதான் பதினைந்து ஆண்டுகளாக என் மனதில் இருந்தது.

"வடக்கே?" என்று மறுபடி கேட்டார், மெதுவாக.

"நடுக்கோடு" என்றேன். "நடுக்கோட்டுக்குத் தெற்கே என்று எழுதுங்கள்."

அவர் தட்டச்சு செய்தார். முத்திரை வைத்து இரு கைகளாலும் கொடுத்தார்.

எண் 11. அறுப்பு
8 ஜூன், வியாழக்கிழமை

அறுவை இயந்திரம் காலையிலேயே வந்துவிட்டது. வடபாதியா தென்பாதியா, எதை முதலில் என்று டென்னிசன் கேட்டார்.

"தெற்கு. அவள் வருவதற்கு முன் இடம் தயாராக இருக்க வேண்டும்."

டென்னிசன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

என் பாதி இரண்டு மணி நேரத்தில் போயிற்று. பல் சூடாகாமல் இருக்க நீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். வெண்குழம்பு நடைவழியெல்லாம் ஓடியது. கம்பியைத் தொடும்போது ஓசை மாறுகிறது. அறுபட்ட கட்டங்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி மதிலோரம் சாய்த்தார்கள். அடியில் செம்மண் ஈரமின்றி இருந்தது. மண்வெட்டியால் தோண்டினார்கள். ஐந்தடி ஆழம் போதும் என்றேன். எனக்கென்று எண்ணிவைத்திருந்தது ஆறு.

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. வடபாதியைத் தொட வேண்டாம், நாளை பார்ப்போம் என்று டென்னிசன் தார்ப்பாய் கட்டினார். தோண்டிய குழியில் நீர் விழும் ஓசை அடுப்படிவரை கேட்டது. தங்கபாய் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் சாயா போட்டாள். அவள் பேசாமல் இருப்பது இதற்கு முன் நான் கண்டதில்லை.

எண் 12.
9 ஜூன், வெள்ளிக்கிழமை

மழை விட்டிருந்தது. குழிநீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒன்பது மணிக்குப் போதகரும் எட்வினும் வந்தார்கள்.

வடபாதியை அறுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் இரும்புப் பட்டையை நுழைத்துத் தாங்கிப் பிடித்தார்கள். ஐந்தாவது கட்டம் நழுவியது. சங்கிலி இறுகி, ஒரு முனை கீழே சாய்ந்து நின்றது. யாரும் அசையவில்லை. டென்னிசன் மண்ணில் குப்புறப் படுத்து, தம் இரு கைகளையும் உள்ளே விட்டு, கான்கிரீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார். "இழு. மெல்ல. லேய், மெல்லன்னு சொன்னேன். சவத்துக்குப் பெறந்த சிலாப்பு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மன்னிக்கணும் சாரே" என்றார். நான் அவரைத் தொழ வேண்டும் போலிருந்தது. ஒரு துண்டும் அவள்மேல் விழவில்லை.

திறந்ததும் தங்கபாய் முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். "ஆம்பிளைய அங்கோட்டு திரும்புங்க" என்றாள். ஆட்கள் திரும்பி நின்றார்கள். நானும் திரும்பினேன்.

"நீங்க என்னத்துக்குத் திரும்புதிய? நீங்க பாக்கலாம்."

பார்த்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை. ஒன்று மட்டும்: இடது மணிக்கட்டு எலும்பில் ஒரு கணு இருந்தது. 1987 இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, சரியாகச் சேராமல் போன இடம். மழைக்காலங்களில் அதை வலக்கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்வாள். அதைக் கண்டவுடன் அவளேதான் என்று தெரிந்தது. அதுவரை எனக்கு ஐயம் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தங்கபாய் ஒவ்வொன்றாக எடுத்து, நீரில் கழுவி, புதுத் துணியில் துடைத்து, என் மடியிலிருந்த பெட்டிக்குள் வைத்தாள். இடையிடையே சன்னக்குரலில் திட்டிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மைக்க கால் எலும்பு மாதிரியே இருக்கு பாரு. எனக்க கல்யாணத்துக்கு எனக்க சீலைய நீ உடுத்திட்டுல்லா போன. நல்லா கெட." எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டி இரண்டரை அடி நீளம். ஒரு கையால் ஏந்தக்கூடிய எடை. ஐந்தரை அடி உயரமுள்ள பெண்மணி.

போதகர் ஜெபித்தார். பெட்டியைத் தென்குழியில், மேற்கோரத்தில் இறக்கினார்கள்.

மண் தள்ளப்போனபோது தங்கபாய் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அத்தான், பெட்டி இம்புடுதான். குழி பாதிக்கு மேல சும்மா கெடக்கு."

"தெரிகிறது."

"பாழாப் போவுதே."

எட்வின் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் அவரிடம், கல்லறைத் தோட்டத்தில் ஏழாண்டு கழித்துத் திறக்கும்போது எலும்புகளைக் குடும்பத்தார் கேட்டால் கொடுப்பீர்களா என்று வினவினேன்.

"இதுவர யாரும் கேட்டதில்ல சார்."

"தீர்மானத்தில் அதற்குத் தடை இல்லை. வாசகம் எனக்கு நினைவிருக்கிறது."

அவர் என்னையும் குழியையும் மாறிமாறிப் பார்த்தார். புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. "எழுதிக் குடுங்க சார்" என்றார். "நான் கையெழுத்து போட்டு வாங்குதேன்."

10 ஜூன், சனிக்கிழமை

இயந்திரம் காலை பத்து மணிக்கு வந்தது. வடபாதி இருந்த இடத்தைச் சமன் செய்ய நான்கு நிமிடம் ஆயிற்று. உள்ளே வந்துவிட்டேன்.

எண் 13. கடிதம்
12 ஜூன் 2023, திங்கட்கிழமை, மாலை மணி 4.30

அன்புள்ள ஹெப்சி,

இத்துடன் சேர்ந்துள்ள குறிப்புகளைப் படித்தால் மே மூன்றாம் தேதி முதல் நடந்தவை உனக்கு விளங்கும். எழுத்து சில இடங்களில் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். உன் சித்தி உன்னிடம் சொல்லியிருப்பவற்றில் மருத்துவமனை பற்றியவை சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா இப்போது வீட்டு வளாகத்திலேயே, என் இடத்தில் இருக்கிறாள். மண் நன்றாக இருக்கிறது. நான் இறந்தால், அந்த வளாகத்தில் என் உடலுக்கு அனுமதி கிடையாது. அதைக் கேட்டு யாரிடமும் மல்லுக்கு நிற்காதே. சபைக் கல்லறைத் தோட்டத்தில் எனக்குள்ள இடத்தில் என்னை வைத்துவிட்டு நீ வேலைக்குத் திரும்பு. சாதாரணப் பெட்டி போதும். சிமெண்டு எதுவும் பூச வேண்டாம், தேவையில்லாத கனம்.

ஏழாண்டு கழித்து அவர்கள் என்னைத் திறப்பார்கள். அப்போது நான் உடல் அல்ல, எச்சம். எச்சத்தைச் சொந்த நிலத்துக்கு மாற்ற ஆணை கொடுத்திருக்கிறார்கள். முன்னுதாரணம் உன் அம்மா. மறுப்பார்களாயின், மறுப்பை எழுத்தில் கேள். எழுத்தில் மறுக்கச் சொன்னால் பலரும் மறுக்க மாட்டார்கள்.

அம்மாவின் பெட்டிக்குக் கிழக்கே இடம் விட்டிருக்கிறேன். மேலே இம்முறை இரண்டங்குலக் கனத்தில் மூன்று தனித்தனிப் பலகைகள். ஒவ்வொன்றிலும் இரும்பு வளையம். இருவர் தூக்கிவிடலாம். டென்னிசன் நேற்று வார்த்தார். எதையும் உடைக்க வேண்டியதில்லை.

அம்மா எனக்குப் பின்னால் என்னைப் போலப் பேசிக் காட்டுவாளாமே. உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், அடுத்த முறை பேசும்போது செய்து காட்டு.

உனக்கு அப்போது ஐம்பத்தெட்டு, அறுபது வயதாகலாம். விடுப்பு எடுத்து வர வேண்டியிருக்கும். தொல்லைதான். வேறு எவரிடமும் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அன்புடன்,
அப்பா
மா. ரசலையன்

இணைப்புகள்:

1. ஞானப்பூவின் எச்சங்களை மாற்ற வழங்கப்பட்ட ஆணையின் சான்றிட்ட நகல், நாள் 6.6.2023.

2. மூடுபலகைகளின் வரைபடம். கிழக்குப் பலகையை மட்டும் தூக்கினால் போதும்; அம்மாவை அசைக்க வேண்டாம்.

3. என் எலும்புகளைப் பொதுக்குழியில் இடாமல் உன்னிடம் ஒப்படைக்கக் கோரிச் சபைக்கு நான் எழுதிய கடிதம், செயலர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்ட நகல், நாள் 11.6.2023.

4. வட்டாட்சியருக்கு நீ அளிக்க வேண்டிய விண்ணப்பம், ஒரு படி. நான்கு எல்லைகளையும் எழுதி முடித்துவிட்டேன். வடக்கே சாலை, மேற்கே ஞானப்பூ. நான் இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை நீ சரியாக எழுதிக்கொள்.